பேரிடர் வேளையில் மருத்துவத் தொண்டு

2023 ஜூன் 2 ஆம் நாள் மாலை ஏழு மணியளவில், ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டத்தில் பஹாநாகா பஜார் நிலையத்தருகே, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதித் தடம் புரண்டது. சிதறிய பெட்டிகள் பக்கத்துப் பாதையில் சென்றுகொண்டிருந்த யஷ்வந்த்பூர் – ஹவுரா வண்டியையும் சாய்த்தன. 290 பேருக்கு மேல் உயிரிழந்தனர். காயமுற்றோர் ஆயிரத்துக்கும் அதிகம். மீட்புப் படைகள் வந்து சேர்வதற்கு முன்னரே அண்டைக் கிராமத்து மக்கள் கைவிளக்குகளோடு ஓடிவந்து, சன்னல்களை உடைத்துப் பயணிகளை வெளியே எடுத்தனர். கிடைத்த வண்டிகளில் ஏற்றி அனுப்பினர். அன்றிரவே பாலசோர் மருத்துவமனையில் இரத்தம் வழங்க இளைஞர்கள் வரிசையில் நின்றனர். 2020 ஆகஸ்ட் 7 அன்று கேரளத்தின் கரிப்பூரில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தபோதும், கொட்டும் மழையில், கோவிட் அச்சத்தையும் பொருட்படுத்தாது, ஊர் மக்களே முதலில் ஓடினர்.

நம் நாட்டில் ஆபத்து வேளையில் தொண்டுள்ளத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பதற்கு இவை சான்றுகள். ஆயினும், மனமுவந்து அளிக்கப்படும் உதவி முழுவதும் உயிர்காக்கும் உதவியாகிவிடுவதில்லை. பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் இதனை விரைவில் கெட்டுப்போகும் பண்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். காலையில் பறித்த கீரைக்கு உள்ள மதிப்பு மாலையில் இல்லை. சந்தைக்கு வந்து சேராத கீரைக்கோ மதிப்பே இல்லை. மருத்துவத் தொண்டும் அவ்வாறே உரிய நேரத்தில், உரிய இடத்தில், உரிய திறனோடு கிட்டினால்தான் பயன் தரும். இம்மூன்றையும் ஆபத்து நேர்ந்த பின் உண்டாக்க முடியாது. அதற்கு முன்னரே செலவிட்டு உண்டாக்கி வைத்திருக்க வேண்டும்.

முதல் சில மணி நேரம்

2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கச்சுப் பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது புஜ் நகரின் பொது மருத்துவமனையே இடிந்து விழுந்தது. காயமுற்றோருக்கு மருத்துவம் செய்யவேண்டியவர்களும் இடிபாட்டுக்குள் சிக்கினர். வெளியிடங்களிலிருந்து வந்த கள மருத்துவமனைகள் கூடாரமிட்டு முழு அளவில் பணி தொடங்குவதற்குள் முதல் சில நாட்கள் கடந்துவிட்டன. இது யாருடைய குற்றமுமன்று. தொலைவின் இயல்பு அது. ஆனால், பெருங்காயங்களால் நேரும் மரணங்களில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே நேர்ந்துவிடுகின்றது. ஆகவே, நூறு கல் தொலைவிலிருக்கும் அறுவை நிபுணரைவிட, அடுத்த வீட்டில் இருக்கும் முதலுதவி அறிந்த ஆசிரியர் அந்த நேரத்துக்கு மதிப்பு மிக்கவர்.

அவர் அறிந்திருக்க வேண்டியது அதிகமன்று. பீறிடும் இரத்தத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவர் வரும்வரை அழுத்தத்தைத் தளர்த்தாமல் இருத்தல். கை கால்களில் அதுவும் போதாதபோது மேலே இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைத்தல். மயங்கியவரின் மூச்சுப்பாதை அடைபடாதபடி ஒருக்களித்துக் கிடத்துதல். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்று ஐயுறத்தக்கவரைத் தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்குமாறு பலர் சேர்ந்து தூக்குதல். நீரில் மூழ்கி எடுக்கப்பட்டவருக்கு மூச்சு ஊதிக் கொடுத்தல். இவற்றை ஒரு சில நாட்களில் கற்றுவிடலாம்.

செய்யக் கூடாதவற்றை அறிவதும் அதே அளவு இன்றியமையாதது. இடிபாட்டின் அடியில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரை உணர்ச்சி வேகத்தில் சட்டென்று வெளியே இழுத்தால், நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் பிற கழிவுகளும் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும். தப்பியவருக்கும் சிறுநீரகம் பழுதுபடும். பாறையை அகற்றுவதற்கு முன்பே நாளத்தின் வழியாக உப்புநீர் ஏற்ற வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. இதை அறிந்த தொண்டர் ஒருவர் அங்கிருந்தால், கடப்பாரையை எடுப்பதற்கு முன் மருத்துவரை அழைத்துவர ஆளனுப்புவார்.

வரிசையும் தேவையும்

விபத்து நடந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் வந்து சேர்பவர் யார்? நடக்க இயன்றவர், கையில் சிராய்ப்போடு வண்டி பிடித்து வந்தவர். படுகாயமுற்றவர் பிறரால் தூக்கி வரப்படவேண்டியவர். அவர் பின்னரே வருவார். அதற்குள் கட்டில்கள் நிரம்பியிருக்கும். முதலில் வந்தவருக்கு முதலில் என்னும் நியாயவிலைக் கடை விதி இங்கே உயிரைப் பறிக்கும். எனவேதான் காயத்தின் தன்மையை ஓரிரு நிமிடங்களில் கணித்து, உடனடி மருத்துவம் வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக் கூடியவருக்கு மஞ்சள், நடக்கக் கூடியவருக்குப் பச்சை, இறந்தவருக்குக் கறுப்பு என அட்டை கட்டும் முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. வாயிலில் நின்று பச்சை அட்டைக்காரர்களை அருகிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லவும், அங்கே அவர்களுக்குக் கட்டுப்போடவும், உறவினர் கேட்கும் கேள்விகளுக்குப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து விடை சொல்லவும் மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற தொண்டர்கள் போதும். மருத்துவரின் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும் தொண்டர், தம் கையால் எவருக்கும் மருந்து கொடாவிட்டாலும், மருத்துவத் தொண்டரே.

இரத்த தானத்தையும் இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். பாலசோரில் அன்றிரவு நின்ற வரிசையை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆயின், இன்று எடுக்கும் இரத்தத்தை எய்ட்ஸ், மஞ்சள் காமாலை முதலிய நோய்களுக்காகச் சோதித்த பின்னரே செலுத்த முடியும். ஆகவே, விபத்து நடந்த முதல் நேரத்தில் நோயாளியைக் காப்பது, சென்ற வாரமோ சென்ற மாதமோ முகமறியாத ஒருவர் கொடுத்து வங்கியில் இருக்கும் இரத்தம்தான். சிவப்பணுக்களை 35 முதல் 42 நாட்கள் வரையே பாதுகாக்க முடியும். ஓர் ஆண் ஒருமுறை இரத்தம் கொடுத்தபின் மூன்று மாதங்களும், பெண் நான்கு மாதங்களும் காத்திருக்க வேண்டும். ஒரே இரவில் ஊரிலுள்ள அனைவரும் கொடுத்துவிட்டால், தேவைக்கு மேற்பட்டது காலாவதியாகும். அடுத்த மூன்று மாதங்களுக்கு அவ்வூரில் கொடுப்பவர் இரார். வரிசையில் நிற்பவர்களின் பெயரையும் இரத்த வகையையும் குறித்துக்கொண்டு, தேவைப்படுவோரை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களை வாரவாரமாக அழைப்பதே முறை. திரும்பிப் போகச் சொல்வது கடினம்தான். ஆனால் அதைச் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

பன்காவ் முகாமில்

தொண்டின் திறன் பற்றிப் பேசும்போது, 1971 ஆம் ஆண்டு வங்காள எல்லையில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக நம் நாட்டுக்குள் வந்த ஆண்டு அது. முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவில் மருத்துவமனையின் இரண்டு சிறு அறைகளில் நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். அன்று அறியப்பட்ட மருத்துவம் நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றுவது. பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன, ஊசி ஏற்றத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே. கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையமொன்றில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனபிஸ் அங்குப் பொறுப்பேற்றார். குளுகோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் ஆகியவற்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுப்பது என்ற முடிவை அவர் மேற்கொண்டார். ஆய்வுக்கூடங்களில் பலன் கண்ட முறைதான் அது. ஆயின், கூட்டமும் அழுக்கும் நிறைந்த முகாமில் பயன்படுமென்று பலரும் நம்பவில்லை.

கலவையைக் கல்கத்தாவில் நிறுத்துப் பைகளில் அடைத்துப் பன்காவுக்கு அனுப்பினர். அங்கே குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து வைத்தனர். அதைக் குவளையில் பிடித்து நோயாளிக்கு ஊட்டியவர்கள் யார்? நோயாளியின் தாய், தமக்கை, கணவர், உடன் வந்த அண்டை வீட்டார். செவிலியரோ மருத்துவரோ அல்லர்! ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 3,700 பேருக்கு மேல் இவ்வாறு மருத்துவம் பெற்றனர். முன்பு நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு விகிதம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று உலகெங்கும் வழங்கும் உப்பு – சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் வரலாற்றில் பன்காவுக்குத் தனி இடம் உண்டு. மகாலனபிஸ் 2022 இல் மறைந்தார்; மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

திட்டமிடுவோர் இதில் கவனிக்கத்தக்கது மருத்துவக் கண்டுபிடிப்பை மட்டுமன்று. அரிதான திறனை, அதாவது ஊசி ஏற்றும் திறனை, எவர்க்கும் கைவரக்கூடிய ஓர் எளிய செயலாக மாற்றியதால், அதுவரை வெறும் பார்வையாளராக அழுதுகொண்டிருந்த உறவினர் அத்தனை பேரும் மருத்துவத் தொண்டராயினர். ஆள் பற்றாக்குறை என்று நாம் சொல்வது பல வேளைகளில் முறைப் பற்றாக்குறையே.

இதற்கு நேர்மாறான துயரம் போபாலில் நிகழ்ந்தது. 1984 டிசம்பர் 2, 3 ஆம் நாட்களுக்கிடைப்பட்ட இரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்தது. ஹமீடியா மருத்துவமனையில் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் உறக்கமின்றி உழைத்தனர். அவர்களிடம் தொண்டுள்ளம் இருந்தது. ஓரளவு திறனும் இருந்தது. வந்திருப்பது என்ன நஞ்சு, அதற்கு என்ன மருந்து என்ற செய்தி மட்டும் இல்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும் என்ற ஒரு வரிச் செய்தி ஆலையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளில் முன்னரே பரப்பப்பட்டிருந்தால், எத்தனையோ பேர் மருத்துவமனைக்கே வரவேண்டியிருந்திராது. மக்கள் காற்றோடு சேர்ந்து ஓடினர்.

வெள்ளம் வடிந்த பின்

பத்திரிகைகளின் கவனம் விலகத் தொடங்கும் போதுதான் மருத்துவத் தொண்டின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மீனவர்கள் 669 படகுகளோடு வந்து பல்லாயிரம் பேரை மீட்டதை நாடே பாராட்டியது. வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் தலைகாட்டியது. சேற்றில் இறங்கி வீடுகளைத் துப்புரவு செய்தவர்கள், அவர்களுள் தொண்டர்களே பலர், அந்நோய்க்கு இலக்காகக் கூடியவர்கள். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் உட்கொள்ளுமாறு சுகாதாரத் துறை அறிவித்தது. மாத்திரையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்ததில் சுகாதாரப் பணியாளரோடு தொண்டர்களுக்கும் பங்குண்டு. முகாம்களில் இருந்தவர்களுக்கு வந்த புது நோயைவிடப் பழைய நோயே பெருந்தொல்லை தந்தது. இன்சுலின் வெள்ளத்தோடு போய்விட்டது, இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் நினைவில்லை, சீட்டும் போய்விட்டது. முகாமில் ஒவ்வொரு பாயாகச் சென்று, யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டெழுதும் கல்லூரி மாணவியின் பணியைப் படம்பிடிக்க எவரும் வருவதில்லை. பணியின் மதிப்பு அதனால் குறையாது.

மருந்து நன்கொடை பற்றியும் ஒரு சொல். தேவை அறியாமல் அனுப்பப்படும் மருந்துகளைப் பிரிப்பதற்கே தனி ஆட்கள் வேண்டியிருக்கிறது. காலாவதியானவை, எவர்க்கும் படிக்கத் தெரியாத மொழியில் சீட்டு ஒட்டியவை, பாதி உண்ட அட்டைகள் என வந்து குவிவது உலகெங்கும் கண்ட அனுபவம். உலக சுகாதார நிறுவனம் 1996 இலேயே இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. கேட்டதை மட்டும் அனுப்புக என்பதே அவற்றின் சாரம்.

இரண்டு பதிவேடுகள்

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருந்தும். பல ஆண்டுகளுக்கு முன், வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஒரு மாவட்டத்துக்கு நிவாரணக் கணக்குப் பணிக்காக நான் அனுப்பப்பட்டிருந்தேன். மாவட்டப் பெயர் இங்கு வேண்டா. மூன்றாம் நாள் காலை அறுவை மருத்துவர் ஒருவரும் இரு செவிலியரும் தம் சொந்தச் செலவில் வந்து அலுவலகத் தாழ்வாரத்தில் நின்றனர். அவர்களை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் அதிகாரம் எனக்கில்லை. அதிகாரம் உள்ளவர் அணைக்கட்டுக்குப் போயிருந்தார். "சற்று உட்காருங்கள்" என்று நாற்காலி காட்டியவன் நானே. அவர்கள் பிற்பகல் நான்கு மணிவரை உட்கார்ந்திருந்தனர்.

அன்றிரவு இரண்டு பதிவேடுகளில் கையொப்பமிட்டேன். ஒன்றில் அம்மூவரின் பெயரும் வருகை நேரமும் இருந்தன. மற்றொன்றில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நிலை குறிக்கப்பட்டிருந்தது. மருத்துவர் வந்து சேர இயலவில்லை. மருந்தாளுநர் ஒருவரே இரண்டு நாட்களாகக் காயங்களைக் கவனிக்கிறார். இரண்டு பதிவேடுகளும் ஒரே மேசையின் மேல் ஒரு முழத் தொலைவில் இருந்தன. அவற்றை யாரும் சேர்த்துப் படிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலீட்டின் கணக்கு

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 இல் 'ஆப்தா மித்ரா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வெள்ள ஆபத்து மிகுந்த 30 மாவட்டங்களில் மாவட்டத்துக்கு 200 பேராக 6,000 தொண்டர்களைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்கள் என்று, 369.41 கோடி ரூபாய்ச் செலவில் அது விரிவாக்கப்பட்டது. பன்னிரண்டு நாள் பயிற்சி, அவசரகாலக் கருவிப் பை, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு தொண்டருக்கு ஏறத்தாழ 37,000 ரூபாய் ஆகிறது. இஃது அதிகம் என்று கருதுவோர் உண்டு. ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் உடல் ஊனத்தோடு கிடப்பதால் அக்குடும்பம் இழக்கும் வருவாயைக் கணக்கிட்டால், இது மிக மலிவான முதலீடு என்பது விளங்கும்.

ஆனால் முதலீட்டுக்குத் தேய்மானம் உண்டு என்பதைக் கணக்கறிந்தோர் மறக்கலாகாது. மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் பயிற்சி, பயன்படுத்தாதிருந்தால், சில மாதங்களிலேயே கை மறந்துவிடுகிறது. ஆண்டுதோறும் ஓரிரு நாள் மீள்பயிற்சிக்குப் பணம் ஒதுக்கப்படாத பயிற்சித் திட்டம், எண்ணெய் விடாத இயந்திரம் போன்றது. மேலும், மாவட்டத்துக்கு முந்நூறுக்கும் குறைவான தொண்டர்கள் என்பது பல கிராமங்களுக்கு ஒருவர் என்ற அளவே ஆகும்.

ஒடிசா இவ்வகையில் நமக்குப் பாடம் கற்பித்திருக்கிறது. 1999 அக்டோபர் 29 இல் வீசிய பெரும்புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவுக்கு மாண்டனர். அதன் பின் கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மனைகள் எழுந்தன. அவற்றைப் பராமரிக்கும் குழுக்களில் மீட்புக்கும் முதலுதவிக்கும் உள்ளூர் இளைஞர்கள் பயிற்றப்பட்டனர். 2013 இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சத்தை ஒட்டிய மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. 2024 அக்டோபரில் 'டானா' புயலுக்கு முன் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிப் பெண்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்க்கப்பட்டனர். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனையாவது மாதத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதை அறிந்தவர் தலைநகரில் எவருமில்லை. கிராமத்து ஆஷா பணியாளரின் நோட்டுப் புத்தகத்தில்தான் அது இருக்கிறது.

ஆஷா பணியாளர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2005 இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அமர்த்தப்பட்ட இவர்கள், இன்று ஏறத்தாழ பத்து லட்சம் பேர். ஏடுகளில் இவர்கள் தொண்டர்கள். ஊதியமல்ல, ஊக்கத்தொகையே பெறுபவர்கள். கோவிட் காலத்தில் வீடுவீடாகச் சென்ற இவர்களுக்கு அப்பணிக்கென மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக வழங்கப்பட்டது. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் விருதளித்துப் பாராட்டியது. ஆண்டு முழுவதும் நாள்தோறும் செய்யும் வேலைக்குத் தொண்டு என்று பெயர் சூட்டுவது அரசுக்குச் சிக்கனமாக இருக்கலாம். தொண்டு என்ற சொல்லுக்கு அது நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆபத்து வேளையில் சில நாட்கள் மனமுவந்து வருபவரும், ஆண்டெல்லாம் அவ்வூரில் உழைப்பவரும் வெவ்வேறு வகையினர். முன்னவருக்குப் பயிற்சியும் காப்பீடும் வேண்டும். பின்னவருக்கு ஊதியம் வேண்டும்.

சட்டப் பாதுகாப்பிலும் குறை உண்டு. சாலை விபத்தில் உதவுபவரைக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைக்கழிக்கலாகாது என்ற நெறிகளுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ பிரிவின் மூலம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. அப்பிரிவு மோட்டார் வாகன விபத்துகளுக்கே உரியது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் தாமே முன்வந்து உதவுபவர், 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நல்லெண்ணச் செயல்களுக்கு அளிக்கும் பாதுகாப்பைக் கோரவேண்டுமாயின், அரசின் சார்பில் பணியாற்றியவர் என்று காட்டவேண்டியிருக்கும். முன்னரே பதிவு பெற்றிருந்தால் அது எளிது.

பதிவேட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும், ஓய்வு பெற்ற செவிலியர், முன்னாள் படைவீரருள் மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர், மருந்தாளுநர், எலும்பு முறிவு மருத்துவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மருத்துவ மாணவர், செஞ்சிலுவைச் சங்கத்திலும் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் முதலுதவி பயின்றோர் ஆகியோரின் பெயர்களை அமைதிக் காலத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பெயர், தகுதிச் சான்று எண், பயிற்சி பெற்ற நாள், இரத்த வகை, தொலைபேசி எண், எந்தச் சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும் என்ற குறிப்பு ஆகிய ஆறு கட்டங்கள் போதும். ஆறாவது கட்டத்தை நிரப்பாமல் எந்தப் பெயரையும் ஏற்கக் கூடாது. கணினியில் வைத்தாலும், மின்சாரமும் அலைபேசியும் முதல் நாளே போய்விடுமாதலால், அச்சிட்ட படியொன்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒன்று ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருத்தல் நலம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை அவர்களை அந்தந்த நிலையத்துக்கே வரவழைத்து ஒத்திகை நடத்த வேண்டும்.

வெளியூரிலிருந்து அறிவிப்பின்றி வருபவர்களுக்கு மாவட்ட அலுவலக வாயிலிலேயே ஒரு மேசை இடப்பட வேண்டும். அந்த மேசையில் அமர்பவர் எந்தப் பதவியில் இருப்பவராயினும், வந்தவரின் சான்றிதழைப் பார்த்து, அணைக்கட்டுக்குப் போனவர் திரும்பும்வரை காத்திராமல், வண்டியில் ஏற்றி அனுப்பும் அதிகாரம் எழுத்து மூலம் முன்னரே அவருக்கு வழங்கப்பட்டிருக்க வேண்டும். சுகாதார நிலையங்களின் அன்றைய நிலையைக் குறிக்கும் பதிவேடும் அதே மேசையின் மேல் திறந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.